கடையில் வாங்கிய தெரியாக்கி சாஸ்: வீட்டில் காய்ச்சியதோடு ஒப்பிட்டு ஒரு மதிப்புரை

சோயா சாஸ் கலந்த இனிப்புப் பாகு மினுங்க வாட்டியெடுக்கும் ஜப்பானிய உணவான தெரியாக்கி கோழியைச் செய்யலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது, அந்தப் பெயர் அச்சிட்ட ஒரு பாட்டிலைக் கடை அடுக்கிலிருந்து எடுத்துக் கூடையில் போடுவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். முதல் நாள் சமையல் முடிந்து, கருகிய வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது எழுந்த சந்தேகம், அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வாணலியில், அதே அளவு கோழித்தொடையில், மொத்தம் ஐந்து முறை இந்த உணவைச் சமைத்துப் பார்க்கும் அளவுக்கு என்னை இழுத்துச் சென்றது. இரண்டு முறை பாட்டில் சாஸைப் பயன்படுத்தினேன். மூன்று முறை வீட்டிலேயே கலந்து காய்ச்சினேன். பாட்டிலின் நிறுவனப் பெயரை இங்கே சொல்லவில்லை. நான் கண்ட குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவையாக எனக்குத் தோன்றவில்லை. மாவு சேர்த்துக் கெட்டியாக்கி விற்கப்படும் தெரியாக்கி சாஸ் என்ற வகைக்கே உரியவை அவை.

பாட்டிலைத் திறந்தவுடன் வந்த மணம் பூண்டுத்தூளின் மணம். அதற்குப் பின்னால்தான் சோயா மெல்ல எட்டிப் பார்த்தது. ஒரு துளியை நாவில் வைத்தால் முதலில் கனத்த இனிப்பு, அடுத்து வினிகரின் புளிப்பு, கடைசியில் உப்பு என்று சுவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. அவை ஒன்றோடொன்று கலந்திருக்கவில்லை. பின்புறச் சீட்டில் பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருந்தன. தண்ணீரும் சர்க்கரையும் முன்வரிசையில் நிற்க, சோயா சாஸ் அவற்றுக்குப் பின்னால் நின்றது. அதன் பிறகு மாற்றியமைக்கப்பட்ட மாவுச்சத்து, வினிகர், பூண்டுத்தூள், வெங்காயத்தூள், பதப்படுத்தும் உப்பு ஒன்று. மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), சாக்கே (ஜப்பானிய அரிசி மது) என்ற இரண்டு சொற்களும் அந்தச் சீட்டில் எங்குமே இல்லை. இந்த உணவைப் பற்றிச் சிறிதளவேனும் படித்தவருக்கு அந்த இடைவெளி உடனே கண்ணில் படும்.

முதல் முறை, சீட்டில் சொன்னபடியே செய்தேன். தோலுடன் கூடிய, எலும்பு நீக்கிய தொடைத்துண்டுகள் அரை கிலோவை எடுத்து, சாஸில் அரை மணி நேரம் ஊறவைத்து, எண்ணெய் தடவிய வாணலியில் மிதமான தீயில் போடச் சொல்லியிருந்தது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வாணலியின் விளிம்பிலிருந்து தீய்ந்த வாடை கிளம்பியது. திருப்பிப் பார்த்தபோது தோல் திட்டுத்திட்டாகக் கருகியிருந்தது. கருகாத இடங்களில் வெளுத்து, வேகவைத்த தோல் போலத் துவண்டு கிடந்தது. உள்ளே இறைச்சி இன்னும் இளஞ்சிவப்பாகவே இருந்தது. தீயைக் குறைத்து, மூடி போட்டு, எப்படியோ வேகவைத்து முடித்தேன். உண்ண முடிந்தது என்பது உண்மைதான், ஆனால் கசப்பு அடிநாக்கிலேயே நின்றது. அடிப்பிடித்த வாணலியை இரவு முழுக்க ஊறவைக்க வேண்டியிருந்தது.

யோசித்துப் பார்த்தால் இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. கோழி பாதுகாப்பாக வெந்துவிட்டது என்று சொல்ல அதன் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். தடித்த தொடைத்துண்டு அந்த வெப்பத்தை அடைய, தோலுள்ள பக்கமும் மறுபக்கமும் சேர்த்துப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சர்க்கரையால் சூடான உலோகத்தின் மேல் அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. ஒருபுறம், ஊறலில் இருந்த ஈரம் ஆவியாகி முடியும் வரை தோலின் வெப்பம் நீரின் கொதிநிலையைத் தாண்டுவதில்லை என்பதால் தோல் முறுகுவது தடைபடுகிறது. மறுபுறம், ஈரம் வற்றியதும் மாவும் சர்க்கரையும் சேர்ந்த பசை வாணலியில் ஒட்டிக்கொண்டு, இறைச்சி வேகும் முன்பே கரியாகிறது. ஆகவே என் கைப்பக்குவத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சீட்டில் இருந்த செய்முறை, மேலிருந்து சூடு விழும் அடுப்புக்கோ நீர்த்த ஊறல் சாஸுக்கோ ஒருவேளை பொருந்தலாம். இந்தக் கெட்டியான சாஸையும் தட்டையான வாணலியையும் வைத்துக்கொண்டு அதைப் பின்பற்றச் சொன்னது தவறு என்பதே என் மதிப்பீடு.

இரண்டாம் முறை சீட்டைப் புறக்கணித்தேன். கோழியைத் தனியாக வாட்டி, முழுவதும் வெந்த பிறகு, கடைசி ஒரு நிமிடத்தில் சாஸை ஊற்றிப் புரட்டினேன். இதில் நியாயமான முன்னேற்றம் இருந்தது. கருகல் இல்லை, கசப்பு இல்லை, துண்டுகள் மீது சாஸ் நன்றாகவே போர்த்தியிருந்தது. ஆனால் அது போர்த்தியிருந்தது என்று மட்டுமே சொல்ல முடியும், இறைச்சியோடு சேரவில்லை. தட்டில் வைத்துப் பத்து நிமிடம் ஆனதும் அதன் மேல் மெல்லிய ஆடை போல ஒன்று படிந்தது. மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபோது சாஸ் கூழாக இறுகி, ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தது. மாவுச்சத்தால் கெட்டியாக்கியவை ஆறினால் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். அதன் பளபளப்பும் சற்றே கலங்கலானது. ஒளி அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறதே தவிர, அடியில் இருக்கும் தோலின் பொன்னிறத்தைக் காட்டுவதில்லை.

பளபளப்பைப் பற்றி இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'தெரி' என்றால் பளபளப்பு. 'யாக்கி' என்றால் நெருப்பில் வாட்டியது. தமிழில் 'தெரி' என்பதற்குக் கண்ணுக்குப் புலப்படுதல் என்று பொருள் இருப்பது தற்செயலான ஒலி ஒற்றுமைதான் என்றாலும், இந்த உணவில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை எனக்கு நினைவூட்ட அதுவே போதுமானதாக இருக்கிறது. ஜப்பானில் தெரியாக்கி என்பது முதலில் ஒரு சமைக்கும் முறையின் பெயர். சோயா சாஸ், மிரின், சாக்கே, சர்க்கரை ஆகியவற்றின் கலவையை, வாட்டிய மீனின் மீதோ இறைச்சியின் மீதோ ஊற்றிச் சுண்ட வைத்து, அது மினுங்கும் பாகாகப் படியும்படி செய்வதுதான் அந்த முறை. இன்றும் அங்கே இதற்கு முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது 'புரி' என்ற கொழுப்பு மிகுந்த மீன். ஆக, பாட்டிலில் அடைத்து விற்கப்படுவது அந்தச் செயல் முடிந்த பின் கிடைக்க வேண்டிய தோற்றத்தின் ஒரு நகல்.

ஆனால் பாட்டிலைப் போலி என்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. அதற்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. ஜப்பானியச் சோயா சாஸ் தயாரிப்பாளரான கிக்கோமன் நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்காகத் தெரியாக்கி சாஸை 1961-இல் கொண்டுவந்தது. ஹவாய்த் தீவுகளில் குடியேறிய ஜப்பானியர் அன்னாசிச் சாறும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்து இந்தச் சுவையை வேறு திசையில் வளர்த்தார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தோஷி கசஹாரா 1976-இல் திறந்த சிறிய உணவகத்திலிருந்து தொடங்கி, தெரியாக்கி கோழி அந்த நகரத்தின் அன்றாட உணவாகவே ஆகிவிட்டது. பூண்டும் இஞ்சியும் கெட்டித்தன்மையும் இந்தக் கிளையில் வந்து சேர்ந்தவை. ஜப்பானும் பின்தங்கிவிடவில்லை, மாஸ் பர்கர் நிறுவனம் 1973-இலேயே தெரியாக்கி பர்கரை விற்கத் தொடங்கியது, அங்குள்ள மெக்டொனால்ட்ஸ் 1989-இல் தன் பட்டியலில் அதைச் சேர்த்தது. எனவே பூண்டு மணக்கும் சாஸை விரும்புகிறவரிடம் அது தவறு என்று நான் வாதிட மாட்டேன். என் குறை வேறு: அந்தக் கிளையின் தரத்தை வைத்துப் பார்த்தாலும், என் பாட்டிலில் சோயாவின் ஆழம் குறைவாகவும் சர்க்கரையின் கனம் அதிகமாகவும் இருந்தன.

மூன்றாம் முறையிலிருந்து வீட்டுச் சாஸ். அளவு மனப்பாடம் செய்ய எளியது: சோயா சாஸ், மிரின், சாக்கே மூன்றும் சம அளவு, சர்க்கரை அதில் பாதி. அரை கிலோ தொடைக்கு முதல் மூன்றும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. இங்கே மேசைக்கரண்டி என்பது 15 மில்லி லிட்டர். முன்கூட்டியே தனியாகக் காய்ச்சி வைக்கத் தேவையில்லை. ஒரு கிண்ணத்தில் சர்க்கரை கரையும் வரை கலக்கி அடுப்பருகே வைத்துக்கொண்டால் போதும். இது தண்ணீர் போல ஓடுகிறதே, இதுவா துண்டுகளில் ஒட்டப்போகிறது என்ற ஐயம் முதல்முறை செய்கிறவர் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது, கை மாவுப் பொட்டலத்தை நோக்கி நீண்டதையும் ஒப்புக்கொள்கிறேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

கோழியின் பக்குவமே இதில் பாதி வேலை என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொடைத்துண்டுகளின் ஈரத்தைக் காகிதத்தால் நன்றாக ஒற்றி எடுத்து, தடித்த இடங்களைக் கத்தியால் கீறிச் சமப்படுத்தி, தோலில் முள்கரண்டியால் ஆங்காங்கே குத்திவிட வேண்டும். வாணலி சூடேறும் முன்பே தோல் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்து, அதன் பிறகு மிதமான தீயை ஏற்றினால், தோலில் இருக்கும் கொழுப்பு மெதுவாக உருகி வெளியேறும். அதே கொழுப்பில் தோல் தானாகவே முறுகும், தனியாக எண்ணெய் வேண்டியதில்லை. ஏழெட்டு நிமிடம் அதைத் தொடாமல் விட்டுவிடுவதுதான் கடினமான பகுதி. தோல் பொன்னிறமானதும் திருப்பி மேலும் மூன்று நான்கு நிமிடம் வாட்ட வேண்டும். சாஸ் ஊற்றும் முன் வாணலியில் தேங்கிய கொழுப்பைக் காகிதத்தால் துடைத்து எடுப்பதைத் தவிர்க்கவே கூடாது. கொழுப்பு மிதக்கும் இடத்தில் சாஸ் ஒட்டாமல் வழுக்கிப் பிரிந்துவிடும். நான் ஒருமுறை சோம்பலில் இதை விட்டுவிட்டு, எண்ணெய் தனியாகவும் பாகு தனியாகவும் நின்றதைப் பார்த்தேன். கொழுப்பை எடுக்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவைச் சுரண்டி எறிந்துவிடக் கூடாது. இறைச்சியின் சாறு வாணலியில் வறண்டு படிந்தது அது. சாஸ் ஊற்றியதும் அதில் கரைந்துவிடும். பாட்டில் சாஸுக்கு இல்லாத ஆழம் வீட்டுச் சாஸுக்கு வருவதில் பெரும்பங்கு இந்தப் படிவினுடையது என்பது என் கணிப்பு.

சாஸை ஊற்றியதும் வாணலி சீறும். முதலில் தோன்றும் குமிழிகள் சிறியவை, வேகமானவை. அது நீரும் மதுவும் ஆவியாகும் கட்டம். இரண்டு மூன்று நிமிடத்தில் குமிழிகள் பெரிதாகி, எழுவதும் உடைவதும் தாமதமாகி, அவற்றின் மேற்பரப்பு கண்ணாடி போல மினுங்கத் தொடங்கும். பாகு காய்ச்சிப் பழகியவர்களுக்கு இந்த மாற்றத்தைக் கண் உடனே அடையாளம் காணும். அந்தக் கட்டத்தில் வாணலியைச் சாய்த்து, கரண்டியால் அள்ளி அள்ளித் துண்டுகளின் மேல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பிப் பதம் வரை போகத் தேவையில்லை. கரண்டியின் பின்புறத்தில் விரலால் இழுத்த கோடு கலையாமல் நின்றால் அடுப்பை அணைத்துவிடலாம். ஆறும்போது அது இன்னும் கெட்டிப்படும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் பாகு கசப்பின் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் இந்தக் கட்டத்தில் தொலைபேசி மணி அடித்தால் எடுக்காமல் இருப்பது நல்லது. சமைத்த துண்டுகளை இரண்டு மூன்று நிமிடம் ஓய்வாக விட்டு, பிறகு வெட்டி, வாணலியில் மீந்த பாகை அவற்றின் மேல் ஊற்றிச் சூடான வெள்ளைச் சோற்றோடு வைத்தால் உணவு தயார்.

மூன்றாம் முறைக்கும் நான்காம் முறைக்கும் இருந்த ஒரே வேறுபாடு மிரின். இந்தச் சோதனை முழுவதிலும் என்னை மிகவும் வியக்க வைத்தது இந்த ஒப்பீடுதான். கடைகளில் மிரின் என்ற பெயரில் கிடைப்பவை எல்லாம் ஒரே பொருள் அல்ல. ஜப்பானியர் 'ஹோன் மிரின்' என்று அழைக்கும் உண்மையான மிரின், வேகவைத்த ஒட்டரிசியோடு கோஜி என்னும் பூஞ்சை வளர்த்த அரிசியையும் ஷோச்சு என்னும் வடித்த மதுவையும் கலந்து, வாரக்கணக்கில் ஊறவைத்துப் பிழிந்தெடுக்கப்படுவது. கோஜியின் நொதிகள் அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரைகளாகவும் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் உடைக்கின்றன. மது இருப்பதால் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்றுவிட முடிவதில்லை. எனவே முடிவில் கிடைக்கும் திரவத்தில் ஏறத்தாழ 14 சதவீதம் மதுவும், 100 கிராமுக்கு 40 கிராமுக்கும் மேற்பட்ட சர்க்கரை வகைகளும் இருக்கின்றன. இதற்கு மாறாக 'மிரின் வகைச் சுவையூட்டி' என்று விற்கப்படுவதில் மது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. குளுக்கோஸ் பாகு, புளிப்புப் பொருள்கள், சுவையூட்டிகள் ஆகியவற்றைக் கலந்து அதைத் தயாரிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே, குடிக்க முடியாதபடி உப்புச் சேர்த்து விற்கப்படும் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அதை வாங்கியவர் சோயா சாஸின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சுவையூட்டி வகையைக் கொண்டு செய்தது மோசமில்லை. பாட்டில் சாஸைவிட எந்த வகையிலும் மேல். பளபளப்பு வந்தது, இனிப்பும் பொருத்தமாக இருந்தது. உண்மையான மிரினில் செய்ததை உண்ட பிறகுதான் முந்தையதில் என்ன குறைந்தது என்று புரிந்தது. உண்மையான மிரினின் இனிப்பு வெல்லம் போல முன்னால் வந்து நிற்காமல், சோயாவின் உப்போடு பின்னிக்கொண்டு வருகிறது. அரிசியின் மணம் ஒன்று மெல்லிய இழையாகத் தங்கி நிற்கிறது. நிறமும் ஆழமாக வந்தது. அதற்கு வேதியியல் விளக்கம் உண்டு. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் இணைந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்கும் வினையை, லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1912-இல் விவரித்தார். சாதாரண வெள்ளைச் சர்க்கரை உடைந்த பிறகே அந்த வினையில் ஈடுபடும். மிரினில் இருக்கும் குளுக்கோஸ் நேரடியாக ஈடுபடும், அமினோ அமிலங்களும் அதிலேயே தயாராக இருக்கின்றன. சுவையூட்டியிலும் குளுக்கோஸ் உண்டு என்பதால் நிறத்தில் வேறுபாடு சிறியதுதான். மணத்தில்தான் பெரிய வேறுபாடு.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டிய ஒன்று: உண்மையான மிரினைத் திறந்த பின்னும் இருட்டான, குளிர்ச்சியான அலமாரியில் வைத்தால் போதும், குளிர்பெட்டியில் வைத்தால் அதன் சர்க்கரை படிகமாகிவிடலாம். சுவையூட்டி வகையில் மது மிகக் குறைவாக இருப்பதால், திறந்ததும் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். நான் இரண்டையும் முதலில் மாற்றி வைத்திருந்தேன்.

ஐந்தாம் முறை மிரினே இல்லாமல், அதன் இடத்தில் ஒரு மேசைக்கரண்டி மிரினுக்கு ஒரு மேசைக்கரண்டி சாக்கேவும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் என்ற வழக்கமான மாற்றுக் கணக்கில் செய்தேன். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. பளபளப்பு ஒரு படி குறைவு, அவ்வளவே. மது வேண்டாம் என்போருக்கு இந்த மாற்று உதவாது. சாஸைச் சுண்ட வைத்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்ற நம்பிக்கையும் சரியல்ல, இவ்வளவு குறுகிய நேரத்தில் அதில் ஒரு பங்கு எஞ்சவே செய்யும். அவர்கள் மிரினுக்கும் சாக்கேவுக்கும் பதிலாகத் தண்ணீரும் கூடுதல் சர்க்கரையும் சேர்த்து, கடைசியில் சில துளி அரிசி வினிகர் விடலாம். சுவை சற்றுத் தட்டையாக இருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சோயா சாஸே நொதித்துச் செய்யப்படுவது என்பதால் அதிலும் இயல்பாகவே சிறிதளவு மது இருக்கும். முழுமையாகத் தவிர்ப்பவர் மது நீக்கிய வகையைத் தேடி வாங்க வேண்டும்.

சோயா சாஸைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஜப்பானில் உற்பத்தியாகும் சோயா சாஸில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் 'கொய்குச்சி' என்னும் அடர்வகைதான். இந்த உணவுக்கு அதுவே பொருத்தம். 'உசுகுச்சி' என்னும் வகை நிறத்தில் வெளிறியது என்றாலும் உப்பில் கூடியது என்பதால், நிறத்தைப் பார்த்து ஏமாந்து அதே அளவு ஊற்றினால் சாஸ் கரித்துவிடும். சீனச் சமையலுக்கான கருஞ்சோயா சாஸ் பாகு போன்ற அடர்த்தியும் கருநிறமும் உடையது. அதை ஊற்றினால் கோழி தார் பூசியது போல ஆகிவிடும். சோயாவும் கோதுமையும் சேர்த்து மாதக்கணக்கில் நொதிக்க வைத்ததா, அமிலத்தால் புரதத்தை உடைத்துச் சில நாட்களில் தயாரித்து நிறமூட்டியதா என்பதைச் சீட்டில் படித்துவிட்டு வாங்குவது நல்லது. சுண்டும்போது எல்லாச் சுவைகளும் செறிவடைகின்றன; நல்ல சோயாவின் குணம் இரட்டிப்பாவது போலவே மட்டமான சோயாவின் கடுமையும் இரட்டிப்பாகும். கோதுமை ஒவ்வாதவர்களுக்கு, கோதுமை சேர்க்காமல் செய்த தாமாரி வகை உதவும். எல்லாத் தாமாரியும் கோதுமை அற்றவை அல்ல என்பதால் அங்கும் சீட்டைப் படிக்க வேண்டும்.

வீட்டில் செய்தால் உடலுக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், உப்பைப் பற்றி நேர்மையாக ஒரு கணக்கு. அடர்வகைச் சோயா சாஸில் உப்பு ஏறத்தாழ 16 சதவீதம். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் உணவுக்குள் ஏறத்தாழ ஐந்து கிராம் உப்பு போகிறது. ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அரை கிலோ கோழியை மூவர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒன்றரை கிராமைத் தாண்டுகிறது. வாணலியில் மீந்த பாகையும் வழித்து ஊற்றிக்கொண்டால் குறைவதற்கு வழியே இல்லை. கோழியில் தனியாக உப்புத் தடவாமல் இருப்பதும், கூடவே வைக்கும் காய்கறிகளை உப்பில்லாமல் ஆவியில் வேகவைப்பதும்தான் நான் கண்ட சமாதானம். வீட்டுச் சாஸின் உண்மையான நன்மை, பாதுகாப்புப் பொருள்களும் மாவும் இல்லாததும், இனிப்பின் அளவு நம் கையில் இருப்பதும். அதற்கு மேல் அதை மருந்தாக உயர்த்த வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை பாட்டிலுக்கு ஆதரவாகச் சொல்ல நான் எதிர்பார்த்த வாதம் சோதனையில் நிற்கவில்லை. கோழியை வாட்டும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இரண்டுக்கும் பொது. வீட்டுச் சாஸுக்குக் கூடுதலாக ஆவது, நான்கு பொருள்களை அளந்து கலக்க ஒரு நிமிடமும் சுண்ட வைக்க இரண்டு மூன்று நிமிடமும்தான். பாட்டிலின் வசதி, மூன்று பாட்டில்களுக்குப் பதில் ஒன்று வாங்கினால் போதும் என்பதில் இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை மட்டும் செய்பவருக்கு அது பொருட்படுத்தத் தக்க வசதியே. ஆனால் சோயா சாஸும் மிரினும் சாக்கேவும் தெரியாக்கியோடு நின்றுவிடும் பொருள்கள் அல்ல. ஜப்பானிய வீட்டுச் சமையலில் பல உணவுகள் இந்த மூன்றின் வெவ்வேறு அளவுச் சேர்க்கைகள்தான்.

வீட்டுச் சாஸிலும் குறை உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருவதில்லை. அகலமான வாணலியில் வேகமாகச் சுண்டுகிறது, சிறியதில் தாமதிக்கிறது. துண்டுகள் அதிகம் சாறு விட்டால் கூடுதல் நேரம் பிடிக்கிறது. இந்த ஐந்து முறைக்கு வெளியே, தொடைக்குப் பதிலாக நெஞ்சுப்பகுதியைப் பயன்படுத்திய ஒரு நாள், சாஸ் பதத்துக்கு வரக் காத்திருந்ததில் இறைச்சி உலர்ந்து நார் நாராகிவிட்டது. நெஞ்சுப்பகுதிதான் வேண்டும் என்பவர்கள் அதைச் சாய்வாக மெலிதாய் வெட்டி, மேலே சிறிது உருளைக்கிழங்கு மாவையோ சோள மாவையோ தூவி வாட்டினால், அந்த மெல்லிய படலம் சாற்றை உள்ளே நிறுத்துவதோடு சாஸையும் பிடித்துக்கொள்ளும். கோழியை முன்னதாக வெளியே எடுத்துவிட்டு, சாஸைத் தனியாகச் சுண்ட வைத்துப் பிறகு சேர்க்கலாம். மாவு வேண்டிய இடம் இறைச்சியின் மேற்பரப்புதான். சாஸுக்குள் அதற்கு வேலை இல்லை.

கலவையை மொத்தமாகக் காய்ச்சி வைக்க விரும்புகிறவர்கள், நான்கையும் சேர்த்து ஒரு கொதி விட்டு, முக்கால் பங்காகச் சுண்டியதும் இறக்கி ஆறவைத்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை. பச்சைக் கோழி ஊறிய கலவையைத் திரும்பப் புட்டியில் ஊற்றக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. சிக்கனம் பார்க்கிற வீடுகளில் அது நடக்கிறது.

பாட்டில் சாஸில் பாதி இன்னும் மீந்திருக்கிறது. கொத்திய கோழியைப் பிசைந்து உருட்டி வாட்டும் 'ட்சுகுனே' உருண்டைகளில், அடுப்பை அணைத்த பிறகு ஒரு கரண்டி பாட்டில் சாஸை அதே அளவு சோயாவோடு கலந்து புரட்டினால் பூண்டு மணம் பொருந்தி வருகிறது, இனிப்பும் அடங்குகிறது. மூடியின் வாயில் வழிந்து உறையும் பிசுக்கை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் துடைக்க வேண்டியிருப்பது மட்டும் மாறவில்லை. அது தீர்ந்ததும் அந்த இடத்தில் உண்மையான மிரினின் பெரிய பாட்டில் ஒன்றை வைப்பதாக இருக்கிறேன், குளிர்பெட்டிக்கு வெளியே.